ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்

கயிறு அறுந்த பிறகு மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை, துக்கம் விசாரிக்க வந்தவன் என்பார் லிஃப்ட்காரர். ஒரு நாளைக்கு அவர் வாயைத் திறந்து பேசுகிற நாலு வார்த்தையில் இது கட்டாயம் இருக்கும். லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் வேலை. உயரமான கட்டடங்களின் உச்சியில், புறா எச்சமும் கிரீஸ் வாடையுமாக இருக்கிற மெஷின் ரூமில் தனியாளாக உட்கார்ந்து கயிற்றை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். கம்பி இழை ஒன்று விரலில் குத்தினாலும் போதும், மொத்தக் கயிற்றையும் மாற்றச் சொல்லிவிடுவார். "இன்னும் ஒரு வருஷம் தாங்கும் சார்" என்று கட்டடத்துக்காரர்கள் இழுப்பார்கள். "தாங்கும். தாங்காத அன்னிக்கு நான்தான் உள்ள இருப்பேன்னு எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துப் பைக்குள் போடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கழற்றிய கயிற்றை அப்படியே விட்டுவிட்டு வரமாட்டார். முழம் முழமாக வெட்டிப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவார். ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் கழற்றிச் சுருட்டி வைத்த கயிற்றை வாட்ச்மேன் யாருக்கோ தள்ளிவிட்டான். அது இன்னொரு இடத்தில் சாமான் ஏற்றுகிற லிஃப்டில் போய்த் தொங்கி ஒரு ஆளின் காலை வாங்கிவிட்டது. அன்றிலிருந்து, கழற்றிய பொருளை மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி செய்துவிட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இதைச் சொல்லாமல் அவர் வீட்டுக் கதையைச் சொன்னால் ஆள் ஏதோ மடையன் என்று தோன்றிவிடும். மடையன் இல்லை. வேலையில் சுத்தமானவர். அந்தச் சுத்தம்தான் வினையாகப் போயிற்று.

வீடு இரண்டாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊரையெல்லாம் உட்கார்த்தி மேல தூக்கறார், பொண்டாட்டி மட்டும் மூச்சு வாங்கணும்" என்று அவர் மனைவி செருப்புக் கடையிலிருந்து திரும்பும்போது படிக்கு ஒரு புகாராகச் சொல்லிக்கொண்டே ஏறுவாள். கடையில் அவளுக்கு ரேடியோ என்று பேர். வருகிற ஆளின் பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடுவாள். மீதி நேரமெல்லாம் கதைதான். யார் வீட்டில் என்ன சண்டை, எந்தப் பிள்ளை யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டிலும் புருஷன் பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் சேர்த்து அவளே பேசினாள். அவருக்கும் அது வசதியாக இருந்தது. சாப்பிடும்போது "உம்" கொட்டினால் போதும்.

அப்படிப்பட்டவளுக்கு வந்த வியாதியைப் பாருங்கள். முதலில் காலில் செருப்பு நிற்கவில்லை. நடக்க நடக்க நழுவி விழுந்தது. செருப்புக் கடைக்காரி செருப்பில்லாமல் வருகிறாளே என்று தெருவில் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு கை போயிற்று. பிறகு நாக்கு குழறத் தொடங்கி, ஒரு மழைக்காலத்தில் அதுவும் அடங்கிப்போயிற்று. நரம்பு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும் என்றார் டாக்டர். "மூளைக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாம் புரியும், எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்று ஆறுதலாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளிக் குடித்தனம். அவள் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இந்த வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தி வந்து அதில் ஒரு புரோகிராமை ஏற்றிக் கொடுத்தாள். திரையில் எழுத்துகள் வரிவரியாக இருக்கும். ஒரு வெளிச்சம் வரி மேல் வரியாக இறங்கும். வேண்டிய வரி வரும்போது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். அப்புறம் அந்த வரிக்குள் வெளிச்சம் எழுத்து எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்தில் இன்னோர் அழுத்து. ஒவ்வொரு நகர்வுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். எழுத்துகள் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். மேல்வரியில் மட்டும் முழு வாக்கியங்கள்: தண்ணி வேணும். திருப்பிப் படுக்க வைங்க. ஃபேனைக் குறைங்க. அவளாகச் சேர்த்துக்கொண்டதும் ரெண்டு மூன்று உண்டு. அதில் ஒன்று, 'அப்பவே சொன்னேனே'.

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற பெண்ணின் குரல் மாதிரி, ஏற்றமும் இல்லாத இறக்கமும் இல்லாத குரல். ஆனாலும் அந்தக் குரலிலேயே அவள் வம்பு பேசினாள், திட்டினாள், எதிர்வீட்டம்மாவின் மருமகனைப் பற்றி விசாரித்தாள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் டீ ஆறிவிடும். ஆறினால் என்ன, மறுபடி சுடவைத்துக் குடித்துவிட்டுக் கேட்பார்கள். கட்டைவிரல் ஒன்றில் மிச்சமிருந்த உயிரை வைத்துக்கொண்டு ரேடியோ மறுபடி பாடிற்று. லிஃப்ட்காரர் காலையில் வேலைக்குப் போகவும் முடிந்தது. எதிர்வீட்டுக் கதவும் இவர்கள் வீட்டுக் கதவும் திறந்தே இருக்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போவார். "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று கம்ப்யூட்டர் கூப்பிட்டால் எதிர்வீட்டம்மா கரண்டியோடு ஓடிவருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் திரையில் அந்தக் கட்டம் வரத் தொடங்கியது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் நீல நிறத்தில் வந்து நிற்கும். இந்த சிஸ்டத்துக்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதிய வெர்ஷனுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கும். அதை மூடினால் போய்விடும். மறுநாள் மறுபடி வரும். வேறு ஒருவராக இருந்தால் ஈயை விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். லிஃப்ட்காரரால் முடியவில்லை. அவர் தொழிலில், இந்த மாடலுக்கு இனிமேல் பாகம் கிடைக்காது என்று கம்பெனி சொல்லிவிட்டால் அந்த லிஃப்டை நம்பி ஆளை ஏற்றக் கூடாது.

ஒரு லீவு நாள் மதியம் சோற்றை நன்றாகக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"கம்பெனிக்காரனே கை கழுவிட்டான். இனிமே இதுக்கு ஒண்ணுன்னா கேக்க நாதி இல்லை."

டிக், டிக் என்று வெளிச்சம் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக அழுத்தினாள்.

"ஓடுதே" என்றது கம்ப்யூட்டர்.

"ஓடும்போதுதான் தொடணும். நின்ன பிறகு தொட்டா அதுக்குப் பேரு வேற."

அவர் கடைவாயில் வழிந்ததைத் துடைத்து, அடுத்த கரண்டியை ஊட்டி, அது இறங்குகிறவரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். புரையேறிவிடக் கூடாது. அதற்குள் அடுத்த பதில் வந்துவிட்டது.

"நல்லா இருக்கறதை நோண்டாதீங்க."

"நோண்டலை. ஒரு நாள் காலைல சுவிட்சைப் போட்டு இது வரலைன்னு வெச்சுக்க. நான் எங்கியோ ஒரு மொட்டை மாடில இருப்பேன். உனக்கு மூச்சு முட்டுது. எதிர்வீட்டம்மாவை எப்படிக் கூப்பிடுவே?"

வெளிச்சம் சும்மா இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே போய் மறுபடி இறங்கியது. விரல் அசையவில்லை. அவரும் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில்,

"உங்க இஷ்டம்" என்றது.

உங்க இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணமான ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட்காரருக்கும் தெரியும். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாததால் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவருக்கு நாளைக்காரர் என்று பேர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். நல்ல மனுஷர், வேலையும் தெரியும், ஆனால் இன்றைக்கு என்கிற சொல் மட்டும் வாயில் வராது. பல நாளைக்குகள் போன பிறகு ஒரு நாள் மத்தியானம் பையோடு வந்து நின்றார். முந்தின ராத்திரி முழுக்க இருமி, விடிந்த பிறகுதான் அவள் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று லிஃப்ட்காரர் ஜாடை காட்டினார். ரெண்டு பேரும் திருடர்கள் மாதிரி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள்.

"இந்த டிஸ்க்குல புது ஓ.எஸ். போட்டா ஆமை மாதிரி ஊரும் சார்," என்றார் நாளைக்காரர், மூடியைக் கழற்றித் தூசியை ஊதிக்கொண்டே. "வேற டிஸ்க் மாட்டி அதுல ஏத்திடறேன். இதுல இருக்கற ஃபைலை எல்லாம் காப்பி பண்ணிடலாம்."

"அந்தப் பேசற புரோகிராம்?"

"அது புதுசுல ஏறாது, ரொம்பப் பழசு. அதோட புது வெர்ஷன் இருக்கு, போட்டுத் தர்றேன். ரெண்டு எழுத்து அடிச்சா மீதியை அதுவே ஊகிச்சுக்கும். அடிக்கடி பேசற வார்த்தையை அதுவே முன்னாடி கொண்டாந்து வெச்சுடும். அம்மாவுக்கு ரொம்ப ஈஸி."

லிஃப்ட்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். ஒவ்வொரு திருகாணியும் திரும்பி உள்ளே போனதா என்று பார்த்தார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. திரை பளிச்சென்று இருந்தது. நீலக் கட்டம் வரவில்லை. பட்டனை அவரே அழுத்திப் பார்த்தார். வெளிச்சம் நழுவிக்கொண்டு போயிற்று, சத்தம் எதுவும் இல்லை. தண்ணி என்று அழுத்தினால் தண்ணி என்றது. முன்னைவிட நல்ல குரல், மனுஷக் குரல் மாதிரியே இருந்தது. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது நாளைக்காரர் பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். "பத்திரமா வெச்சிருங்க சார். கொஞ்ச நாளைக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க."

"சரி" என்றார்.

சரி என்று மனசாரத்தான் சொன்னார். கவரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவியின் பிடிவாதம் அவருக்குத் தெரியும். எழுந்ததும் பழையதுதான் வேண்டும் என்பாள். மகள் அம்மா பக்கம் சேர்ந்துகொள்வாள். இவரும் ரெண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு, பாவம், கேட்கிறாளே என்று பழையதை மாட்டச் சொல்லிவிடுவார். பிறகு ஒரு நாள் அவர் எங்கேயோ மொட்டை மாடியில் இருக்கும்போது அது நின்றுபோகும். அவருக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. பால்கனிக்குப் போய், டிரில்லை எடுத்து, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று துளை போட்டார். தூளைப் பெருக்கிக் கொட்டிவிட்டு, டிஸ்க்கைக் கவரிலேயே போட்டு அலமாரியில் வைத்தார். இனி யாராலும் மாட்ட முடியாது. அன்றைக்கு டீ ரொம்ப ருசியாக இருந்தது.

அவள் விழித்தாள். முதுகில் தலையணை வைத்துச் சாய்த்து, கட்டைவிரலைப் பட்டன் மேல் எடுத்து வைத்தார்.

"பாரு, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. ஏதாவது பேசு."

அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். வெளிச்சம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தினாள். விரல் அமுங்குவதற்குள் வெளிச்சம் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "ந ந ஃபேன்" என்றது அந்த நல்ல குரல். மறுபடி அழுத்தினாள். "நல்லது தண்ணி" என்றது.

"தண்ணியா வேணும்?"

அவள் கண்கள் கீழே தாழ்ந்தன. ஆமாம் என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள், இல்லை என்றால் கீழே தாழ்த்துவாள். பேச்சு போன புதிதில் அப்படித்தான் சமாளித்தார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்குத் தேவை இருக்கவில்லை.

புதுசு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தார். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் மகள் வேலை முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அம்மா, எழுத்து சின்னதா இருக்கா?"

கண் தாழ்ந்தது.

"கலர் கண்ணைக் கூசுதா? பட்டன் கெட்டியா இருக்கா? வேகமா போகுதா?"

வேகம் என்றதும் கண் உயர்ந்தது. ஆனால் உடனே தாழ்ந்தது. அது மட்டும் இல்லை என்கிறாள் போல. மகள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். உட்காருகிற விதமா, விரல் வலிக்கிறதா, கண்ணில் தண்ணீர் கோக்கிறதா. எல்லாவற்றுக்கும் கண் தாழ்ந்தது. அம்மாவின் நெற்றியில் வியர்த்துவிட்டது. லிஃப்ட்காரர் விசிறிக்கொண்டு நின்றார்.

"அப்பா, இதுல எதெல்லாம் மாறியிருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குரல்கூட நல்லா இருக்கு. முன்னாடி டிக் டிக்குன்னு ஒரே தொந்தரவு, இப்ப அதுவும் இல்லை."

அவள் கண் விருட்டென்று மேலே போயிற்று. அங்கேயே நின்றது.

"டிக் சத்தமா?" என்றாள் மகள். "அம்மா, நீ சத்தத்தைக் கேட்டா அழுத்துவே? திரையைப் பாக்க மாட்டியா?"

கண் உயர்ந்தபடியே இருந்தது. ஓரத்தில் நீர் இறங்கியது.

இத்தனை காலமாக அவள் திரையைப் படித்துப் படித்துத்தான் பேசுகிறாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். திரையில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மனசில் பதிந்துபோய், இத்தனையாவது டிக்குக்கு இந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு தாளம் பிடித்துப் பேசியிருக்கிறாள். கோலெடுத்துத் தட்டிக்கொண்டு பழகின தெருவில் நடக்கிற மாதிரி. இப்போது தெருவும் மாறிப்போயிற்று. எழுத்துகள் வேறு இடத்தில். அடிக்கடி வருகிற வார்த்தைகள் தாமாக முன்னுக்கு ஓடிவந்து, நேற்றிருந்த இடத்தில் இன்றைக்கு இல்லை. அந்த வசதியைத்தான் நாளைக்காரர் அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

மகள் போன் போட்ட வேகத்தில் அவர் அன்றைக்கே வந்துவிட்டார். வாழ்நாளில் முதல்தடவையாக இருக்கும். டிக் சத்தத்தை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து போட்டார். வேகத்தைக் குறைத்தார். ஊகிக்கிறதை நிறுத்திப் பார்த்தார். எழுத்துகளின் பழைய வரிசை மட்டும் கிடைக்கவில்லை. பேச்சுப் பயிற்சி அம்மா அவளுக்கென்று மாற்றி மாற்றி அடுக்கிய வரிசை அது. அந்த அம்மாவும் ஆஸ்பத்திரியை விட்டுப் போய் எவ்வளவோ நாளாயிற்று.

"காப்பி பண்ணினதுல வீட்டம்மா சேர்த்த வார்த்தையெல்லாம் இருக்கு. வரிசையை மட்டும் அந்த புரோகிராம் வேற எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கு," என்றார். "அதனால என்ன, பழைய டிஸ்க்கை மாட்டிட்டா அரைமணி நேரத்துல பழையபடி ஆயிடும். எடுங்க சார் அதை."

லிஃப்ட்காரர் அசையவில்லை.

"எங்கப்பா வெச்சீங்க?" என்றாள் மகள்.

அலமாரியைத் திறந்து கவரை எடுத்து வந்து நீட்டினார். நாளைக்காரர் டிஸ்க்கை வெளியே எடுத்தார். ஜன்னல் வெளிச்சம் துளை வழியாக வந்து அவர் சட்டையில் விழுந்தது. அவர் அதை மகள் கையில் கொடுத்தார்.

"என்னப்பா இது?"

"துளை போட்டேன்."

"ஏன்?"

"யாராவது மறுபடி மாட்டிடுவாங்களோன்னு."

"மறுபடி மாட்டறதுக்குத்தானே அவரு வெச்சுக்கச் சொன்னாரு."

மகள் சத்தம் போடவில்லை. டிஸ்க்கைக் கட்டில் மேல், அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்காரர் துளை போட்டதை எங்கேயாவது காட்டிப் பார்க்கலாமா என்று யோசித்து, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். முன்பானால் இந்நேரம் 'அப்பவே சொன்னேனே' என்று மேல்வரியிலிருந்து ஓர் அழுத்தில் சொல்லியிருப்பாள். அதைச் சொல்லக்கூட இப்போது வழியில்லை.

எடையேற்றிப் பார்க்காமல் ஒரு லிஃப்டைக்கூட அவர் சரி என்று சொன்னதில்லை. ஆளில்லாமல் எந்த லிஃப்டும் ஓடும். மணல் மூட்டை அடுக்கி, மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்து, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழைய கயிற்றில் கை வைப்பார். தன் வீட்டில் மட்டும், பொண்டாட்டி தூங்கும்போது, தன்னுடைய கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிட்டார். வேலைக்கு லீவு போட்டார். லீவு முடிந்தும் போகவில்லை. கூப்பிட முடியாதவளை எந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவது?

புது எழுத்துகளை அவளுக்குப் பழக்கப் பார்த்தார்கள். அவளும் முயன்றாள். காலையில் முகம் கழுவிவிட்டதும் விரலைப் பட்டன் மேல் வைக்கச் சொல்லிக் கண்ணாலேயே கேட்பாள். "பத்து", "நாற்காலி வந்தாள்" என்று அந்த நல்ல குரல் என்னென்னவோ உளறும். பக்கத்தில் யாராவது இருந்தால் அவள் உதட்டோரம் லேசாகச் சுளிக்கும், அதுதான் அவள் சிரிப்பு. வெயில் காலம் முற்றியது. ஒவ்வொரு நாளும் விரல் கொஞ்சம் தாமதமாக அமுங்கியது. தாளம் தெரிந்த பழைய பாட்டாக இருந்திருந்தால் அந்தத் தாமதத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு பேசியிருப்பாள். ஒரு நாள் காலையில் விரல் பட்டன் மேல் இருந்தது, அமுங்கவில்லை. அதற்குப் பிறகு அமுங்கவே இல்லை. கம்ப்யூட்டர் மேல் மகள் பழையபடி துணியைப் போர்த்தினாள்.

மகள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். "அம்மா, அவரை மாத்திரை எடுத்து வைக்கச் சொல்லு", "அவரை நகரச் சொல்லும்மா, தலையணை உறை மாத்தணும்" என்று பேச முடியாதவளிடம் சொல்லுவாள். அவர் மாத்திரையை எடுத்து வைப்பார், நகருவார்.

அப்புறம் அவருக்கு ஒன்று தோன்றியது. அவள் காதும் கண்ணும் நன்றாகத்தானே இருக்கின்றன. வெளிச்சத்துக்குப் பதில் நாமே சொன்னால் என்ன? நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் ஞாபகம் வந்தது.

"உயிரெழுத்தா? வல்லினமா?" என்றார். வல்லினத்தில் கண் உயர்ந்தது. "க... ச... ட..." என்று ஒவ்வொன்றாக, அந்த டிக்கின் வேகத்தில், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். க என்றதில் ஏற்கெனவே கண் உயர்ந்துவிட்டது, அவர்தான் கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தார். மறுபடி தொடங்கினார். க. பிறகு இடையினத்தில் ல.

"க, ல... கல்? கலை? கால்? காலா?"

கண் மேலே போயிற்று.

"காலை மடக்கணுமா? நீட்டணுமா?"

நீட்டினார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அந்தப் பெரிய மனுஷர் கட்டிலின் காலடியில் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அன்றிலிருந்து அவர்தான் ரேடியோ. நாள் முழுக்கப் பேசாத மனுஷர், நாள் முழுக்க எழுத்துகளை ஒப்பித்தார். தொண்டை கட்டி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஒப்பித்தார். அவள் சொல்ல நினைத்ததெல்லாம் அவர் வாயால் வந்தது. "கஞ்சில உப்பு இல்லை" என்று தான் வைத்த கஞ்சியைத் தானே குறை சொன்னார். எதிர்வீட்டம்மாவிடம் "இந்த ஆளுக்கு முடி வெட்டச் சொல்லுங்க" என்று தன்னைப் பற்றித் தானே சொன்னார். எதிர்வீட்டம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஒன்று மட்டும் அவர் புத்தியில் ஏறவில்லை. முன்பெல்லாம் அவர் வேலைக்குப் போன பிறகு அவள் மகளிடம் என்ன பேசினாள், எதிர்வீட்டம்மாவிடம் என்ன குறைப்பட்டாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. பாதி அவரைப் பற்றித்தான் இருந்திருக்கும். பொம்பளைகள் பேச்சு, நமக்கென்ன என்று இருந்தார். இப்போது அவள் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மகள் வந்து தலைசீவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கண்கள் புருஷனைத் தேடின. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு. உயிர்?"

உயர்ந்தது. அ. பிறகு வல்லினத்தில் ப.

"அப்பாவா?"

ஆமாம். "அவகிட்ட என்னைப் பத்தி ஏதோ சொல்லப் போறே," என்று அவர் மகளைப் பார்த்துப் புன்னகைத்தார். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடையினம்... ய, ர, ல, வ. வ-வா? வல்லினம்... மெல்லினம்... இடையினம். ய, ர, ல, வ, ழ, ள. ள-வா? வ, ள... வளை? வெளி? வெளியே?"

ஆமாம்.

"அப்பா வெளியே... ப... போ. போகவா?" அவர் நிறுத்தினார். "நான் வெளியே போகணுமா? கடைக்கா? ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

கண் தாழ்ந்தது.

"எதிர்வீட்டம்மாவைக் கூப்பிடணுமா?"

தாழ்ந்தது.

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"இவகிட்ட பேசணுமா? நான் இல்லாம?"

கண்கள் மெதுவாக மேலே போயின.

"சரிம்மா" என்று எழுந்தார். மகளிடம், அவள் முகத்தைப் பார்க்காமல், "மெதுவாச் சொல்லணும். ஒவ்வொரு எழுத்துக்கும் நின்னு முகத்தைப் பாரு. வேகமாப் போனா அவளுக்கு மறந்துடும்" என்றார். அவர் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கூப்பிட்டால் கேட்கட்டும் என்று எப்போதும் திறந்தே கிடந்த கதவு.

படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்தார். உள்ளே மகளின் குரல் கேட்டது. "உயிர்... வல்லினம்... மெல்லினம்..." ரொம்ப வேகம். அப்படியில்லை, நிறுத்து, நிறுத்து என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னார். "மறுபடி சொல்றேம்மா" என்றாள் மகள். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னாள். மெல்லினத்தில் நின்றாள். "ங... ஞ... ண... ந..." அங்கே நின்றாள்.

ந என்று அவர் உதடு அசைந்தது. அடுத்த எழுத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. மகள் எங்கே நிறுத்துகிறாள் என்று கேட்டால் போதும், உள்ளே அவள் பேசுவது முழுக்க இங்கே அவருக்குப் புரிந்துவிடும். வெளியே போகச் சொன்னதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

எழுந்து இறங்கினார். முதல் மாடியிலும் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறங்கினார். கீழ்ப்படியில் எழுத்து தெரியவில்லை, குரல் மட்டும் தெரிந்தது. அதுவும் வேண்டாம் என்று தெருவுக்கே போய், எதிர்ச்சாரியில் மூடிய கடையின் கூரைக்கடியில் நின்றார். கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்புப் போடாமல் வந்திருந்தார். தெரிந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், யாரை எதிர்பாக்கறீங்க?" என்றார். "சும்மாதான்" என்றார். அவர் போய்விட்டார். வெயில் வந்தது, தெரு காயத் தொடங்கியது, தெருவிளக்கு எரியும் நேரமும் வந்துவிட்டது. மருந்து வேளை தாண்டிவிடும் என்று தோன்றியதும் மேலே ஏறினார்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் நாற்காலியில் அம்மாவின் முகத்துக்கு மிகப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரெண்டு பேர் முகமும் நனைந்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

மனைவியின் கண்கள் தாழ்ந்தன.

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். எழுத்துகளை மறுபடி மறுபடி சொல்லித் தொண்டை கம்மிப்போயிருந்தது.

"ஒரு வார்த்தைதான்ப்பா வந்திருக்கு" என்றாள்.

அவர் தலையாட்டினார். அது என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. மாத்திரையை எடுத்து மகள் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி கீழே இறங்கிப் போனார்.